கையில் கொடுக்காத கடை

போன மாதம் நாம் பழைய மாணவிகள் எல்லோரும் கூடினோமே, அன்றைக்கு நான் பாதியில் எழுந்து போனதற்கு ரத்த அழுத்தம் காரணமில்லை. மாத்திரை போட வேண்டும் என்று சொன்னேன். அது பொய். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் சாப்பாட்டு மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். வெளியே போய்ச் செருப்பு அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டு, இந்த வயதில் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். உங்களில் இரண்டு பேர் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் அந்த முனை மளிகைக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கடைக்காரர் தங்கமான மனிதர் என்றாள் ஒருத்தி. எது வாங்கினாலும் கொசுறாக ஒரு பிடி பொட்டுக்கடலை தருவார், உள்ளங்கையில் வைத்து விரல்களை அவரே மடக்கிவிட்டு, "கீழ சிந்தாம துன்னு கண்ணு" என்பார் என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் கையை விரித்துப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்படிப்பட்ட மனிதர்களெல்லாம் இப்போது எங்கே என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் அவர் பொட்டுக்கடலை கொடுத்திருக்கிறார். எறிந்து கொடுத்தார்.

நீங்கள் கடையின் முன்பக்கம் நிற்பீர்கள். தகரக் கூரைக்குக் கீழே, மிளகாய் மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில், நிழலில். நாங்கள் நிற்கிற இடம் பக்கவாட்டில், சாக்கடை ஓரம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் விடுகிற தண்ணீர் அந்தச் சாக்கடையில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் ஓடும். அங்கே சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. அதன்மேல் காசை வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அவர் ஒரு குவளையில் விரலைத் தோய்த்து, காசின்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். பொட்டலத்தைப் பலகையில் வைத்துத் தள்ளுவார். எண்ணெய் வாங்கினால் பாட்டிலைப் பலகையில் வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். அளவுச் செம்பு பாட்டிலில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். கால்வாசி வெளியே வழியும். வழிந்தது எங்கள் பாடு.

ஊர் எங்கள் தெருவைச் சேரி என்று சொன்னது. இதெல்லாம் குற்றம் என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சட்டம் கோர்ட்டு கச்சேரி வரைக்கும் வந்திருக்கும். அந்தப் பலகை வரைக்கும் வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கடலையை அவர் எறிவது எனக்கு மட்டும் கிடைத்த ஒரு விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பேன். அவர் குறி பார்த்து வீசுவார். ஒரு கடலைகூடக் கீழே விழாது. சில நாள் வேண்டுமென்றே எட்டி வீசுவார், நான் பின்னால் ஓடிப் பிடிப்பேன். அவர் சிரிப்பார். முன்பக்கம் சும்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டு போகிற உங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. உங்களுக்கு இந்த விளையாட்டு கிடையாதே!

அம்மா அரிசி மில்லில் களத்து வேலை செய்தாள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் நாள் முழுக்கக் காலால் கிண்டிக் கிண்டிக் காயவைக்கிற வேலை. உமி எப்போதும் அவள் தலைமுடியில் இருக்கும். ஆடி மாதத்தில் ஒரு நாள் பகலிலேயே மழை பிடித்துக்கொண்டதால் நெல்லை அள்ளி மூடிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற வழியில் என்னைக் கடையில் பார்த்தாள். நான் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு உற்சாகமாகப் பேசினார். "இன்னாம்மா, மழைக்கு மில்லு லீவா? உம் பொண்ணு கெட்டிக்காரி. எவ்ளோ தூரம் போட்டாலும் ஒண்ணு கீழ வுடாது. இப்ப பாரு."

எட்டி வீசினார். நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். ஒன்றும் கீழே விழவில்லை. அம்மா பாராட்டுவாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கடையின் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என் வகுப்பில் படிக்கிற நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அவள் உள்ளங்கையில் கடலையை வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என் பாவாடையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, நான் பிடித்திருந்த பாவாடையைத் தட்டிவிட்டாள். கடலை முழுவதும் சாக்கடையில் விழுந்தது. அன்றைக்குத் தண்ணீர் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார். அவர் ரயில்வேயில் கேங்மேன். செங்கல்பட்டு வழித்தடத்தில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அவர் கைகால் கழுவிக்கொண்டு உட்காரும் வரை காத்திருந்து அம்மா சொன்னாள்:

"இனிமே கையில குடுக்காதவன் கடையில உப்பு கூட வாங்கக் கூடாது."

அப்பாவுக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற?"

"சாமான நம்ம கையில வைக்கணும். பலகையில வச்சித் தள்றவன், மேலேர்ந்து ஊத்துறவன், தூக்கிப் போடுறவன், அவன் கடையில ஒண்ணும் வாங்கக் கூடாது. நானும் வாங்க மாட்டேன், நீயும் வாங்கக் கூடாது."

"அப்ப இன்னாத்த துன்றது? இது இன்னா புதுசா? எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்டி தான இருக்குது."

"உங்கப்பன் காலத்துல எனக்குப் பொண்ணு இல்ல."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு மட்டும் யாரும் எதையும் விளக்கவில்லை. அம்மா மேல் எனக்குக் கோபம் உண்டு என்றால் அது இதற்காகத்தான். உன்னை அவமானப்படுத்துகிறான், அதனால் அங்கே போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு அந்த வார்த்தை தெரிய வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், சரியாகப் பிடிக்கவில்லை, அதனால்தான் கடைக்குப் போகக் கூடாது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் போய்க் கூழாங்கற்களை மேலே எறிந்து பாவாடையில் பிடித்துப் பழகினேன். ஒரு வாரம், பத்து நாள் பழகியிருப்பேன். நன்றாகப் பிடித்தால் மறுபடியும் அனுப்புவாள் என்று நம்பினேன். இதை எழுதும்போதுகூட அந்தக் குழந்தையை எழுப்பி நிறுத்தி, போதும் நிறுத்து என்று கத்த வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடை தேடிக் கிளம்பினாள். ஒவ்வொரு கடையிலும் சாமான் கேட்டுவிட்டுக் கையை நீட்டுவாள். கையில் வைத்தால் வாங்குவாள். கீழே வைத்தால், வைத்தது வைத்தபடி இருக்க, அடுத்த கடைக்கு நடப்பாள். சண்டை போடவில்லை. ஒரு கடைக்காரன் பின்னாலேயே, "ஏய், கட்டி வச்ச பொட்டலத்த யாரு எடுத்துக்கினு போறது?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

மார்க்கெட்டில் மிளகாயும் புளியும் விற்கிற தெலுங்குக்கார அம்மா ஒருத்தி இருந்தாள். மூக்கில் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி. அவளிடம் புளி கேட்டு அம்மா கையை நீட்டினாள். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வேறு யாருடனோ பேசிக்கொண்டே, புளி உருண்டையை அம்மா கையில் அழுத்தி வைத்து, "பட்டுகோ, பட்டுகோ, கிந்த படிபோதுந்தி" என்றாள். பிடித்துக்கொள், கீழே விழுந்துவிடும் என்று அர்த்தமாம். அம்மா புளியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்த அம்மாவுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதுதான் எனக்கு இப்போது ஆத்திரமாக இருக்கிறது. அவ்வளவு சுலபமான காரியம் அது. கையை நீட்டுவது, வைப்பது. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

உப்பு வண்டிக்காரர் கையில் கொடுத்தார். விறகுக் கடை பாய் விறகையும் மண்ணெண்ணெயையும் எல்லோருக்கும் போலவே கொடுத்தார். பருப்புக்கு ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருந்தது. போகும் வழி நெசவுத் தெருக்கள். கஞ்சி போட்ட பாவு நூலைத் தெரு முழுக்க நீட்டிக் காயவைத்திருப்பார்கள். எங்களைக் கண்டதும், "பாவு கெடக்குது, சுத்திக்கினு போ" என்பார்கள். நாங்கள் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போவோம். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே வரும். செருப்பில்லாத காலில் மதிய வெயில். முனைக் கடைக்கு முந்நூறு அடி நடந்து வாங்கிய பருப்பை, ஊரைச் சுற்றி வாங்கி வந்தோம். நான் அழுதால் அம்மா நிற்பாள். தூக்க மாட்டாள். அழுது முடித்ததும் நடப்பாள்.

தேங்காயெண்ணெயும் வெல்லமும் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. எண்ணெய் விற்கிற எல்லோரும் உயரத்திலிருந்துதான் ஊற்றினார்கள். ஆகவே அம்மா எண்ணெய் வாங்குவதை நிறுத்தினாள். என் தலைமுடி செம்பட்டையாகி விறைத்துக்கொண்டு நின்றது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் எனக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தீர்கள்.

நம் டீச்சர் நல்லவர். கணக்கு அவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுப்பார். அவர் என்னை வகுப்பின் முன்னால் நிற்க வைத்தார்.

"தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடவா வக்கில்ல? அப்பன் ரயில்வேயில சம்பளம் வாங்கறான் இல்ல? குடிச்சுத் தீக்கறானா? உங்க தெருவுக்கே சுத்தம்னா என்னன்னு தெரியாது."

அப்பா குடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் எண்ணெய் ஏன் இல்லை என்பது ஊரிலேயே பெரிய சுத்தத்தின் கதை. அதை அழுக்கு என்று படித்தார் படித்தவர். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தண்ணீரைத் தொட்டு என் தலையை வாரி இறுக்கிப் பின்னிவிட்டாள். காய்ந்ததும் மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.

ஆவணி முடிவதற்குள் எங்கள் தெருவில் மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன. அம்மா யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி வந்து, "நீ எங்க பருப்பு வாங்குற, நானும் கூட வரேன்" என்றாள். பிறகு இன்னொருத்தி. பாதித் தெரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடந்தது. முனைக் கடையின் பக்கவாட்டுப் பலகை காலியாகக் கிடந்தது.

கடைக்காரர் ஒரு நாள் எங்கள் தெரு முனைவரை வந்தார். உள்ளே வரவில்லை. கூடவே நகராட்சிக் கவுன்சிலர் ஒருவர். மேடை ஏறினால் சமத்துவத்தைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார். அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அம்மாவும் போனாள். நானும் அவள் பின்னால் போனேன்.

கடைக்காரருக்கு உண்மையாகவே மனது புண்பட்டிருந்தது. "நான் இன்னா தப்பு பண்ணேன்பா? கலப்படம் பண்ணேனா? எடையில கொறச்சேனா? உம் பொண்ணுக்கு ஒரு நாளாவது கடல குடுக்காம அனுப்புனேனா?"

"இவரு மாதிரி நல்ல மனுசன் கெடைக்க மாட்டாரு" என்றார் கவுன்சிலர். "பண்டிக வருது. உங்க தெருவுக்குன்னு சர்க்கர, ரவா எல்லாம் கொறச்ச வெலைக்குத் தரேங்கறாரு. பிடிவாதம் வேணாம்."

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா பேசினாள்.

"வெல கொறைக்க வேணாங்க. கையில குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

கடைக்காரர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது மட்டும் முடியாதும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் குடுத்துடுவேன். மத்த கிராக்கி போயிடும்."

மத்த கிராக்கி.

அது யார் என்று உங்களுக்குத் தெரிகிறதா? உங்கள் அம்மாக்கள். முன்பக்கம் நிழலில் நின்ற அத்தனை பேரும். அவர்களில் ஒருத்தி ஒரே ஒரு நாள், "அந்தக் கொழந்தைக்கும் கையில குடுங்களேன்" என்று சொல்லியிருந்தால் அவர் கொடுத்திருப்பார். அவருக்கு வியாபாரம்தான் பெரிது. இல்லை, ஒருத்தி வேறு கடைக்குப் போயிருந்தால்கூடப் போதும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சி கோயிலுக்குப் போனவர்கள். அரிசியில் கல் இருந்தால் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டவர்கள். பலகை அவர்கள் கண்ணெதிரே இருந்தது.

இப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடுவதையெல்லாம் நான் படிக்கிறேன். எந்தக் கேழ்வரகில் உரம் போடவில்லை, எந்தச் சோப்பில் மிருகக் கொழுப்பு இல்லை, எந்தக் கோழி கூண்டில் அடைபடாமல் வளர்ந்தது என்று விசாரித்து விசாரித்து வாங்குகிறீர்கள். வாங்குகிற பொருளில் நம் மனசாட்சி தெரிய வேண்டும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எல்லோரும் கைகூப்பினீர்கள். நல்லது. கோழிக்குக் கேட்கிற கேள்வியை அன்றைக்கு யாராவது எனக்காகக் கேட்டிருக்கலாம். ஒரு மில் கூலிக்காரிக்கு அது தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள்.

கவுன்சிலர் வந்துபோன நான்காம் நாள் அம்மாவை மில்லில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மில் முதலாளியும் கடைக்காரரும் நெடுநாள் சிநேகிதர்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கத்தினார்.

"திருப்தியா? ஒரு பொட்டலத்துக்கு வீம்பு பண்ணி வேலைய வுட்டுட்ட."

"வேலைய நான் வுடல. அவன் எடுத்துட்டான்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் அவள் மார்க்கெட்டிலிருந்து உப்பு, மிளகாய், புளி, ஓமம், சுக்கு என்று கூடையில் வாங்கி வந்து வீட்டு வாசலில் கோணி விரித்து வைத்து விற்றாள். எங்கள் தெரு வாங்கியது. எல்லோருக்கும் கையில் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடையைப் பார்த்துக்கொள்வேன். ஓமத்தின் வாசனை என் சட்டையிலேயே இருக்கும்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்து, மார்க்கெட்டுப் பக்கம் போக முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து முனைக் கடைக்காரரின் சொந்த ஊரில் ஏதோ சாவு. கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தார். மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை.

மதியம் மழையில் ஒரு பெண் எங்கள் தெருவுக்குள் வந்தாள். முனைக் கடையில் கையை நீட்டிக்கொண்டு நின்றாளே, அதே நெசவுக்காரர் வீட்டுப் பெண். சாக்கை முக்காடு மாதிரி மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தாள். அவள் எங்கள் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெரு முனையில் அவள் அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓமம் வேணுமாம்" என்றாள் என் அம்மாவிடம். "தம்பிக்கு வயித்து வலி. காலையிலேர்ந்து அழுதுக்கினே இருக்கான்."

அம்மா ஓமத்தை அள்ளிக் காகிதத்தில் மடித்தாள். அந்தப் பெண் காசை எங்கள் வாசல்படியில் வைத்தாள். பிறகு இரண்டு அடி தள்ளி நின்றாள். "கீழ வைக்கணுமாம். நான் எடுத்துக்கறேன். அம்மா சொன்னாங்க."

விற்கிறவள் என் அம்மா. அப்படியும் தொடக் கூடாதவள் அவள்தான். வாங்கினாலும் தீட்டு எங்களுக்குத்தான், விற்றாலும் எங்களுக்குத்தான். எனக்கு அன்றைக்குத்தான் எல்லாம் விளங்கியது. கூழாங்கல் எறிந்து பழகியது, அம்மா ஏன் கடலையைத் தட்டிவிட்டாள் என்பது, டீச்சர், துடைப்பம், எல்லாம். "குடுக்காதம்மா!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "கொழந்தைக்குன்னு கேக்குற. காசு வேணாம், எடுத்துக்கோ. ஆனா கையில தான் குடுப்பேன்."

பொட்டலத்தை நீட்டினாள். கை மழையில் நீண்டிருந்தது. காகிதம் நனையத் தொடங்கியது.

தெரு முனையிலிருந்து குரல் வந்தது. "கீழ வைக்கச் சொல்லுடி! கீழ வைக்கச் சொல்லு!"

அந்தப் பெண் முனையைப் பார்த்தாள். என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெதுவாகச் சொன்னாள்: "காயிதம் நனையுது பாரு. தம்பி அழுவுறான். வாங்கினு ஓடு. இவ்ளோ மழ பெய்யுது, ஒட்னது எல்லாம் போற வழியிலயே கழுவிக்கினு பூடும்."

அவள் கையை நீட்டி வாங்கினாள். விரல் அம்மாவின் விரலில் பட்டது. வாங்கிக்கொண்டு ஓடினாள். முனையில் அவள் முதுகில் அடி விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. பொட்டலத்தை மட்டும் அந்த அம்மாள் தூக்கி எறியவில்லை. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஓமத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

அந்தப் பெண் உங்களில் ஒருத்தி. பெயரைச் சொல்ல மாட்டேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள், பள்ளி முடியும்வரை என்னுடன் பேசவில்லை. அப்போது அவள்மேல் எனக்கு வெறுப்பு இருந்தது. இப்போது இல்லை. மழையில் பத்து வயதில் அவள் தன் அம்மா சொல்லை மீறிக் கையை நீட்டினாள். அதைச் செய்த பெரியவர் ஒருவர்கூட உங்கள் தெருக்களில் இல்லை. அவளாவது அதை நினைவில் வைத்திருப்பாள் என்று நம்புகிறேன்.

மார்கழியில் கவுன்சிலர் மறுபடியும் வந்தார். இப்போது ஒரு சமரசம். கடைக்காரர் இனிமேல் எறிய மாட்டார், பலகையில் தள்ளவும் மாட்டார். ஒரு பித்தளைத் தட்டில் வைத்து நீட்டுவார். நாங்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மரியாதையாக இருக்கும்.

தெரு ஒத்துக்கொண்டது. கால் ஓய்ந்துபோயிருந்தது அவர்களுக்கு. ஊரின் அந்தக் கோடிவரை மழைச் சேற்றில் எத்தனை நாள் நடப்பது? நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

"தட்டு வரைக்கும் வந்துட்டான் இல்ல. போதும். மீதி உன் பொண்ணு காலத்துல வரும்."

"தட்டு நாய்க்கும் தான் வைக்கிறாங்க" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு மளிகை. அப்பா முனைக் கடையில் வாங்கியது ஒரு பக்கம், அம்மா கொண்டுவந்தது ஒரு பக்கம். அப்பா வாங்கி வந்த பருப்பை அம்மா தொட மாட்டாள். அவரே வேகவைத்துக்கொள்வார், அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே. இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது. ஊரில் எவனோ கையை நீட்ட மறுத்ததற்கு, எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. இந்த மாதிரி நியாயங்களுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மா சாகிறவரை அந்தக் கடையில் காலெடுத்து வைக்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கையை நீட்டித்தான் வாங்கினாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்தத் தைப்பொங்கலைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

வெல்லம் கையில் கொடுக்கிற கடை அம்மாவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆகவே அந்த வருஷம் சர்க்கரைப் பொங்கல் கிடையாது, பால் பொங்கல் மட்டும் என்று சொல்லிவிட்டாள். அப்பா முந்தின நாள் முனைக் கடையிலிருந்து ஒரு முழு அச்சு வெல்லம் வாங்கி வந்து அடுப்பங்கரையில் வைத்தார். "கொழந்தைக்காவது போடு" என்றார். அம்மா அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்தாள்.

காலையில் பானை பொங்கியது. தெருவெல்லாம் வெல்லம் கரைகிற வாசனை. எங்கள் வாசலில் மட்டும் வெறும் பால் வாசனை. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நான் சட்டியைத் தூக்கினேன். அச்சு வெல்லத்தின் ஒரு மூலை ஏற்கெனவே உடைந்திருந்தது. நானும் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். வாயில் போட்டேன். அந்தச் சமயம் அம்மா குடத்தோடு பின்பக்கமாக வந்தாள்.

என் வாய் அசைவது நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"இனிக்குதா?" என்றாள்.

தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது.

"நானும் வெடியக்காலம் ஒரு துண்டு துன்னேன்" என்றாள் அம்மா. "நல்ல வெல்லம். அவன் சாமான் எல்லாம் நல்லா தான் இருக்கும். மோசமா இருந்தா வேணாம்னு சொல்றது சுலபம்."

முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள், அழுத்தி, எரிகிற மாதிரி. பிறகு உள்ளே போய் மூன்று இலை போட்டாள். மூன்று பேருக்கும் வெறும் பொங்கல் வைத்தாள். அப்பா எழுந்துபோய் வெல்லத்தை எடுத்து வந்து தன் இலை ஓரத்தில் வைத்துக்கொண்டார். அவர் அதைக் கடிக்கிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. குனிந்தபடி தன் இலையில் இருந்ததைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்தாள்.